காண்பவன் கடன்

தாய் தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சிறைக் காவலனும் கைதியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கண் செய்கிற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றை அன்பு என்கிறோம். மற்றொன்றைக் காவல் என்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி மிகப் பழையது. இன்று அது புதிய இடம் ஒன்றில் வந்து நிற்கிறது. படிக்கும் பிள்ளையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆன்லைன் வகுப்பு என்பது நம் வீடுகளில் பழகிப்போன பெயர். பிள்ளை செல்போனில் பாடத்தைத் திறக்கிறான். திறந்த நேரம் பதிவாகிறது. வீடியோவை எந்த நிமிஷம் வரை ஓட்டினான், எங்கே நிறுத்தினான், கேள்விக்கு எத்தனை முறை முயன்று விடை கண்டான் என்பதெல்லாம் பதிவாகின்றன. ஆசிரியரின் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு வளர்கிறது. இவன் நூற்றுக்கு 40 முடித்தான். அவள் 90 முடித்தாள். இன்னொருவன் 12 நாளாக வரவே இல்லை. 2002-ல் வெளிவந்து உலகமெங்கும் கல்லூரிகளில் பரவிய 'மூடில்' என்ற மென்பொருளில், பாடப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே 'முடிந்தது' என்று குறி விழும்படி ஆசிரியர் அமைத்துவிடலாம். திறந்தவன் படித்தானா என்பது வேறு விஷயம்.

இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். 1823-ல் பல்லாரி ஜில்லா கலெக்டராக இருந்த காம்ப்பெல் என்ற ஆங்கிலேயர், அங்கிருந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் பையனுடைய உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம்: அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும்.

கொடுமையான வழக்கந்தான்; மறுக்கவில்லை. அந்த உள்ளங்கைக் குறி 'வந்தான்' என்று சொல்லிற்றே தவிர, 'கற்றான்' என்று சொல்லவில்லை. அந்த வகையில் இன்றைய திரைக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பையனுடைய கையில் எழுத வேண்டுமானால் உபாத்தியாயர் அந்தக் கையைத் தம் கையில் பிடித்தாக வேண்டும். கை சுடுகிறதா, நடுங்குகிறதா என்பது அவருக்குத் தெரியாமல் போகாது. தெரிந்த பிறகும் அடித்தாரானால், அந்தப் பாவம் அவரைச் சேர்ந்தது. இன்றைய ஆசிரியருக்கு எண் மட்டும் வருகிறது.

எண்ணுக்குத் தெரியாதவை எத்தனையோ. ஒருத்தி வீடியோவை ஓடவிட்டுவிட்டு, ஓசையை அடைத்துவிட்டு, அடுக்களையில் வேலை பார்க்கிறாள். கடைசி நிமிஷம் வரை அது ஓடி முடிகிறது. அவள் கணக்கில் நூறு. இன்னொருத்தி ஏழாவது நிமிஷத்தில் ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியத்தில் திடுக்கிட்டு நின்றுவிடுகிறாள். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அதையே யோசிக்கிறாள். அவள் கணக்கில் இருபது. இருவரில் யார் படித்தாள்?

கதை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விடாமல் கடைசிப் பக்கம் வரை ஓடிவிடுகிற வாசகர்மேல் எங்களுக்குப் பிரியம் உண்டு. நடுவில் ஓர் இடத்தில் விரலை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, ஜன்னல் வழியே வெறித்துப் பார்க்கிற வாசகர்மேல் அதைவிடப் பிரியம் உண்டு. அந்த நேரத்தில்தான் எங்கள் எழுத்து அவருக்குள் வேலை செய்கிறது. எண்ணுகிற இயந்திரத்துக்கு அது வீணான நேரம்.

முடித்தவர் கணக்கை மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது? ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய ஆன்லைன் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெயர் பதிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாம். ஆனால் நூலகத்துக்குள் நுழைந்து ஓர் அத்தியாயத்தை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்புகிறவனையும் தோற்றவன் என்பீர்களா? அவனுக்கு வேண்டியது அந்த ஓர் அத்தியாயமாகவே இருந்திருக்கலாம். மற்றொருவனோ முழுவதும் வேண்டும் என்று வந்து, வழி தெரியாமல் திணறித் திரும்பியிருப்பான். எண் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

"அப்படியானால் பார்க்கவே வேண்டாமா? மூழ்குகிறவன் மூழ்கட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னூறு பேர் உள்ள வகுப்பில், பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவனை எந்த ஆசிரியர் கண்டார்? அவன் காணாமற்போன பிறகுதான் அவன் இடம் காலியாக இருப்பது தெரிகிறது. அவனை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் எந்தக் கருவியையும் நான் பழிக்க மாட்டேன்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-ல் அப்படி ஒரு முயற்சியைத் தொடங்கியது. மாணவனுடைய மதிப்பெண்ணையும் பாடத்தில் அவன் செலவிடும் முயற்சியையும் கணக்கிட்டு, நாற்சந்தி விளக்கைப் போல அவனுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டினார்கள். இந்த விளக்குள்ள பாடங்களில் இரண்டோ அதற்கு மேலோ எடுத்த மாணவர்கள் படிப்பை விடாமல் தொடர்வது அதிகம் என்று பெருமையாகச் சொன்னார்கள். 2013-ல் சிலர் அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தார்கள். முதல் பருவத்திலேயே கல்லூரியை விட்டுப் போனவன் இரண்டாவது விளக்குப் பாடத்தை எப்படி எடுப்பான்? தொடர்ந்து படித்ததால்தான் பலர் இரண்டு பாடம் எடுத்தார்கள். இரண்டு பாடம் எடுத்ததால் தொடர்ந்து படிக்கவில்லை. விளக்குக்குப் பதில் வகுப்பில் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் அதே பலன் வருகிறது என்று ஒருவர் காட்டினார்.

இதிலிருந்து விளக்கே வீண் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. விளக்கு யாரையும் கரையேற்றாது என்பதுதான் பாடம். சிவப்பைக் கண்டபின் யார் எழுந்து போனார்கள்? அங்கேதான் தர்மம் தொடங்குகிறது.

பெரும்பாலும் யாரும் எழுந்து போவதில்லை. இயந்திரமே ஒரு கடிதம் அனுப்பிவிடுகிறது: 'நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்.' பின்தங்கியவனுக்கு அது தெரியாதா? 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் ஒரே ஒரு செல்போன் இருந்தது! அதுவும் பகலில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். இரவு அது திரும்பி வந்த பிறகு அக்கா படித்து, தம்பி படித்து, நடுவில் உள்ளவளுடைய முறை வரும்போது சார்ஜ் இராது. பதிவேட்டில் அவள் அக்கறையற்றவள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால், அதுவும் அந்தச் செல்போனுக்குத்தான் வரும்.

இங்கிலாந்திலுள்ள திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-ல், மாணவர் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று தனக்குத்தானே சில விதிகளை வகுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிற விவரங்களை மட்டும் வைத்து ஒரு மாணவன் இன்னான் என்று முடித்துவிடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. விவரங்களை மாணவருடைய நன்மைக்காகப் பயன்படுத்தும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பது இன்னொன்று. தொலைவிலிருந்து கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம், தன் பார்வைக்கு எல்லை உண்டு என்று தானே எழுதிவைத்தது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

நம் மொழியில் கவனிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. கண்காணிப்பு என்றும் ஒரு சொல் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கண்காணி 'கங்காணி' ஆனார். அவர் ஆட்களை எண்ணினார். அவர்கள் பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டது. கொழுந்தை நிறுத்துவிடலாம், தராசு பொய் சொல்லாது. நோயாளி வீட்டிலோ வேறு மாதிரி. "அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள்" என்றால், அவர் எத்தனை தடவை புரண்டு படுத்தார் என்று எண்ணினார்கள் என்று அர்த்தமா? வேளைக்குக் கஞ்சி கொடுத்தார்கள், இரவில் விழித்திருந்தார்கள் என்று அர்த்தம். தாய்க்கும் காவலனுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. தாய் கண்டதெல்லாம் அவள் தலையில் வேலையாக வந்து விழுகிறது. காவலன் கண்டதெல்லாம் கைதியின் தலையில் குற்றமாகப் போய் விழுகிறது.

ஆகவே மாணவனைப் பார்ப்பது தகுமா தகாதா என்ற விவாதத்தைவிட, பார்த்ததன் சுமை யார்மேல் ஏறுகிறது என்று கேட்பதே சரியென்று நினைக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் அது முதலில் ஆசிரியருக்கும் கல்லூரிக்கும் வந்த கடன் சீட்டு. மாணவனுக்கு வந்த தண்டனைச் சீட்டாக அதை மாற்றுகிறவர்கள் காண்பவன் கடனைக் காணப்பட்டவன் கணக்கில் எழுதுகிறார்கள்.

உங்கள் பிள்ளையின் கல்லூரி இப்படி ஓர் ஏற்பாட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னால், என்னென்ன பதிவாகும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "12 நாள் என் பெண் வராவிட்டால் எங்கள் வீட்டுக்குப் போன் செய்யப்போகிறவர் யார்? அவர் பெயர் என்ன? அந்த வேலைக்கு அவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத இடத்தில் அந்த விளக்கை அணைத்துவிடும்படி சொல்வதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு.