நிதானமும் சுயநலமும்

கிரிக்கெட் ஆட்டத்தில் ஒரு மட்டையாளர் மெதுவாக ரன் சேர்க்கும்போது, ‘இவர் அணிக்காக ஆடவில்லை, தமக்காகவே ஆடுகிறார்’ என்ற குரல் எழுவது வழக்கம். திறமை போதவில்லை என்று கூறினால் அது ஆட்டத்தைப் பற்றிய விமர்சனம். ‘சுயநலம்’ என்று கூறும்போதோ, அது அவரது ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. பந்துகளையும் ரன்களையும் எண்ணி ஒருவரது மனத்தை அளந்துவிட முடியுமா?

1975 ஜூன் 7 அன்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் முதலாவது உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதின. இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ரன்கள் குவித்தது. தொடக்க மட்டையாளராக இறங்கிய சுனில் கவாஸ்கர் 60 ஓவர்கள் முடியும்வரை ஆட்டமிழக்காமல் நின்று, 174 பந்துகளில் 36 ரன்களே எடுத்தார். மூன்று விக்கெட்டுகளை மட்டுமே இழந்திருந்த இந்தியா 132 ரன்களுடன் நின்று, 202 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது.

2021 ஜனவரி 19 அன்று பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாள். ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியா 328 ரன்கள் எடுக்க வேண்டியிருந்தது. சேதேஷ்வர் புஜாரா 211 பந்துகளைச் சந்தித்து 56 ரன்கள் எடுத்தார். வேகப் பந்துகள் அவரது தலைக்கவசத்திலும் விரலிலும் விலாவிலும் பலமுறை தாக்கின. அவர் ஒரு முனையைக் காத்து நின்றதால், மறுமுனையில் ஷுப்மன் கில் துணிந்து ஆடி 91 ரன்கள் சேர்த்தார். பின்னர் ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 ரன்கள் எடுத்து வெற்றியை முடித்து வைத்தார். இதற்கு முந்தைய சிட்னி டெஸ்டில் புஜாரா மிக மெதுவாக ஆடுகிறார் என்று குறை கூறப்பட்டிருந்தது.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே செயல்தான். ஆயினும் இரண்டின் மதிப்பும் ஒன்றல்ல. ஓவர்கள் வரையறுக்கப்பட்ட ஆட்டத்தில் காக்கப்பட்ட விக்கெட் ரன்னாக மாறாவிட்டால் அதனால் பயனில்லை. ஐந்து நாள் ஆட்டத்திலோ, பந்துவீச்சாளர்களைக் களைப்படையச் செய்வதே சக வீரர்களுக்குச் செய்யும் சேவையாக அமையலாம். ஆகவே ஒரு செயல் வேகமானதா, மெதுவானதா என்பதைவிட, அது அந்த நேரத்தின் தேவைக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

‘அப்படியானால் வெற்றிதான் அளவுகோலா?’ என்று கேட்கலாம். அதுவும் அன்று. 2015 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் தோல்வியைத் தவிர்க்கப் போராடிய தென்னாப்பிரிக்க அணியில் ஹஷிம் ஆம்லா 244 பந்துகளில் 25 ரன்களும், ஏ.பி. டி வில்லியர்ஸ் 297 பந்துகளில் 43 ரன்களும் எடுத்தனர். இருந்தும் அந்த அணி 337 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. அதனால் அவர்களது பொறுமை சுயநலமாகிவிடவில்லை. தேவையை உணர்ந்து உழைப்பது மனிதன் கையில் இருக்கிறது. முடிவோ பல காரணங்கள் கூடி அமைவது.

வேகம் எப்போதும் தன்னலமற்றது என்று எண்ணுவதும் தவறு. பொறுமை தேவைப்படும் வேளையில் கைதட்டலுக்காகப் பந்தைத் தூக்கி அடித்து ஆட்டமிழப்பவர், தம் சுமையை அடுத்து வருபவரின் தோளில் ஏற்றிவிட்டே செல்கிறார். அவரைப் ‘பயமறியாதவர்’ என்று பாராட்டும் உலகம், சுமையைச் சுமந்து நிற்பவரைச் சுயநலவாதி என்கிறது.

அவ்வாறெனில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது சுயநலமா? அது பிழையான ஆட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிழை வேறு, சுயநலம் வேறு. 36 ரன்களால் கவாஸ்கருக்குச் சதமும் கிடைக்கவில்லை, புகழும் கிடைக்கவில்லை, பழிதான் கிடைத்தது. நோக்கத்தை அறியாமல் அவர்மீது சுயநலம் என்ற சொல்லைச் சுமத்துவது நியாயமாகாது.

அதேவேளை, ‘என் நோக்கம் தூய்மையானது’ என்று சொல்லி எவரும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பலர் சேர்ந்து செய்யும் பணியில், மற்றவர்களின் தேவை என்ன என்று அறிய முயல்வதும் கடமையின் ஒரு பகுதியே. தேவை மாறிவிட்டது என்று தெரிந்த பின்னும் தன் பழக்கத்தையும் பாதுகாப்பையும் பிடித்துக்கொண்டிருப்பவரிடம் சுயநலம் குடிகொள்ளத் தொடங்குகிறது. தேவையானால் தன் வழக்கமான முறையை விட்டுக்கொடுக்கவும், தேவையானால் பழிச்சொல்லைத் தாங்கிக்கொண்டு அதே முறையில் உறுதியாக நிற்கவும் ஆயத்தமாக இருப்பவரே தன்னலமற்றவர்.

இந்தச் சோதனையைப் பிறர்மீது நடத்துவது கடினம். அவர்களது உள்ளம் நமக்குத் தெரியாது. அலுவலகத்திலும் இல்லத்திலும் மெதுவாகச் செயல்படுபவர்மீது தீர்ப்புக் கூறுமுன், அவர் யாருடைய சுமையைத் தாங்கி நிற்கிறார் என்று பார்ப்போம். ‘நான் இப்போது காப்பது எதை? என் பெயரையா, என்னை நம்பியிருப்பவர்களையா?’ என்ற கேள்வியையோ ஒவ்வொருவரும் தம்மிடமே தயங்காமல் கேட்டுக்கொள்ளலாம்.