விடாமுயற்சிக்கு வெற்றிதான் சாட்சியா?

விடாமுயற்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஒரே கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒருவர் விழுந்தார், எழுந்தார், இறுதியில் வென்றார். முடிவில் வெற்றி நிற்பதால், முன்பு பட்ட துன்பமெல்லாம் பொருள் பெற்றுவிடுகிறது. அந்த வெற்றி வாராதே போயிருந்தால்? பட்ட பாடெல்லாம் வீண் என்று தீர்ப்பெழுதிவிடுவோமா? இங்கிலாந்து நாட்டு இசைக் கலைஞர் இருவரின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திப்போம்.

ட்ரேசி தார்ன், பென் வாட் இருவரும் ஹல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாய் இருந்தபோது, 1982-இல் 'எவ்ரிதிங் பட் தி கேர்ள்' என்ற பெயரில் இணைந்து பாடத் தொடங்கினர். பத்தாண்டுகள் கழிந்தன. 1992-இல் பென் வாட்டை அரியதொரு நோய் தாக்கியது. உடலின் தற்காப்பு ஆற்றலே உடலுக்குப் பகையாகும் நோய் அது. சிறுகுடலின் பெரும்பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தது. பிழைத்தெழுந்தவர், மெலிந்த உடலோடு மீண்டும் பாடல் புனைந்தார். 1994-இல் வெளிவந்த தொகுப்பில் 'மிஸ்ஸிங்' என்றொரு பாடல் இருந்தது. அது தனியே வெளியிடப்பட்டபோது பிரிட்டனில் முதல் 40 இடங்களுக்குள்கூட வரவில்லை. அந்நாட்டில் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த நிறுவனமும் அவர்களைக் கைவிட்டது.

பின்னர், நியூயார்க்கைச் சேர்ந்த டாட் டெரி அதே பாடலை நடனத் தாளத்தில் மாற்றியமைத்தார். அவ்வடிவம் 1995-இல் பிரிட்டனில் 3-ஆம் இடத்தையும், 1996-இல் அமெரிக்காவில் 2-ஆம் இடத்தையும் எட்டியது.

சொற்கள் அவையே, குரலும் அதுவே. தாளம் மாறியது, உலகம் செவி சாய்த்தது. அப்படியானால் அப்பாடலின் உண்மை 1995-இல்தான் பிறந்ததா? இல்லை. யாரும் கேளாத நாளிலும் அது அவர்களுடைய உள்ளத்தின் நேர்மையான வெளிப்பாடாகவே இருந்தது. ஆயினும் ஒன்றை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாற்றம் நிகழாதிருந்தால் இன்று இதை எழுதியிருக்கமாட்டோம். அவர்களைப் போலவே உழைத்து, எவராலும் கேட்கப்படாமல் மறைந்தோர் எத்தனை பேர்! அவர்களுடைய உழைப்பு குறைந்ததன்று. நம் பார்வைதான் குறுகியது.

பிடிவாதமும் விடாமுயற்சியும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறு. பிடிவாதம் தான் குறித்த பலனையே கேட்கும். விடாமுயற்சியோ பணிக்கு உண்மையாயிருக்கும். பிறர் கைபட்டுத் தன் படைப்பு மாறுவதையும் ஏற்கும். இறக்கிவைக்க வேண்டிய வேளையில் இறக்கியும் வைக்கும். இவ்விருவரும் புதிய தாளங்களைத் தம் இசையில் தழுவிக்கொண்டனர். 2000-ஆம் ஆண்டில், புகழ் நீங்காத நாளிலேயே, தம் பிள்ளைகளை வளர்க்கும் பொருட்டு அப்பயணத்தை நிறுத்தினர். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து 2023-இல் 'ஃப்யூஸ்' என்ற புதிய தொகுப்புடன் திரும்பினர். நிறுத்தத் தெரிந்தவரே பணிக்கு அடிமையாகாதவர். திரும்பி வந்தவரே அதை உண்மையில் நேசித்தவர்.

நம் இல்லங்களிலும் இவ்வினா அன்றாடம் எழுகிறது. தேர்வில் தோற்ற மகளிடமும், தொழிலில் நொடித்த மகனிடமும் நாம் முதலில் கேட்பது, "இத்தனை நாள் உழைத்து என்ன கண்டாய்?" என்பதே. விளைச்சலைக் கொண்டு விதைத்தவனின் கையை அளக்கும் கேள்வி அது. "செய்ததை உண்மையாய்ச் செய்தாயா?" என்று கேட்டுப் பார்ப்போம். அக்கேள்விக்கு 'ஆம்' எனச் சொல்லக்கூடியவர் எவரும், வெற்றி வரினும் வாராவிடினும், தோற்றவர் அல்லர்.