சமாரியரின் மறுநாள்

லூக்கா நற்செய்தி தரும் நல்ல சமாரியர் உவமையில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. காயங்களைக் கட்டியதோடு அவர் விடைபெறவில்லை. மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். முதல் நாள் அவர் ஓர் உயிரைக் காத்தார்; மறுநாள் அவ்வுயிருக்குப் பொறுப்பேற்றார். நமது இரக்கம் முதல் நாளோடு முடிந்துவிடலாமா?

எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் சகோதர சகோதரிகளை முன்னிறுத்தி இக்கேள்வியைக் கேட்போம். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்றைக் கண்டறிந்தபோது, அது மரணத்தின் மறுபெயராகவே இருந்தது. ஒதுக்கப்பட்டவரின் அருகிருந்து அமைதியாகக் கண்மூடச் செய்வதே அன்று பெரும் இரக்கச் செயல். 1996 வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004 முதல் நம் நாட்டில் அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. தவறாது மருந்து உண்பவர் இன்று முதுமை வரை வாழ்கிறார்.

ஆனால் கிருமி அடங்கிய பின்னும் உடலில் ஓர் அழற்சி நீறுபூத்த நெருப்பாகக் கனன்று, இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஆகவே மாரடைப்பும் பக்கவாதமும் இவர்களுக்கு நேரும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அக்கியும் இவர்களை எளிதில் பற்றுகிறது. என்றோ வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்தெழுவதே அக்கி. அக்கிருமி இரத்தக் குழாய்களின் சுவரையும் தாக்க வல்லது. அக்கி கண்டபின் சில வாரங்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுகிறது என்கின்றன ஆய்வுகள்.

அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் கிருமியை அடக்கும் மாத்திரையை மூன்று நாள்களுக்குள் தொடங்குவதே நன்று. எச்.ஐ.வி. உள்ளவரோ, அயலார் காரணம் கேட்பார்களே என்றஞ்சிக் கொப்புளங்களைச் சட்டைக்குள் மறைக்கக்கூடும். அந்த மூன்று நாள்களை அவரிடமிருந்து பறிப்பது நோயன்று, நமது நாவு. மருத்துவச் செய்தி இங்கே அறக்கேள்வியாகிறது.

தம் நடத்தையால் நோயைத் தேடிக்கொண்டவருக்கு இத்தனை கவலை எதற்கு என்பார் உண்டு. கணவனிடமிருந்து பெற்ற மனைவியரும், பிறப்பிலேயே பெற்ற குழந்தைகளும் எத்தனையோ பேர். அது ஒருபுறம் இருக்கட்டும். புகைபிடித்து மாரடைப்புக்கு உள்ளானவரை நாம் பழக்கூடையோடு சென்று பார்க்கிறோமே! எரிகோ சாலையில் தனியே ஏன் வந்தாய் என்று சமாரியரும் கேட்கவில்லை.

இரக்கம் வெறும் உணர்ச்சியன்று, அறிவால் நெறிப்படுத்தப்படும்போதே அது நற்பண்பு என்று கற்பித்தார் புனித தாமஸ் அக்குவினாஸ். அப்படியாயின் அறிந்துகொள்வதும் இரக்கத்தின் கடமையே. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை நாள்தோறும் உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன. இரத்த அழுத்தம் பார்ப்பது, புகையை விடுவது, மார்வலியை அலட்சியம் செய்யாதிருப்பது ஆகியனவும் உயிர் காப்பவை. அக்கிக்கு இரு தவணைத் தடுப்பூசியும் உண்டு; ஆனால் அதன் விலை ஏழைக்கு எட்டாதது.

சமாரியர் ஒப்புக்கொண்ட அந்த 'மேலும் ஆகும் செலவு' இதுவே. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இச்செலவில் ஒரு பங்கை ஏற்கலாகாதா? பங்கில் நடக்கும் மருத்துவ முகாமில் பிறரோடு சேர்ந்து, எவருடைய கேள்விக்கும் ஆளாகாமல், அவரும் வரிசையில் அமரட்டும். ஒரு நோயின் பெயராக அன்றி, இதயமும் முதுமையும் உடைய மனிதராக அவரைக் காண்போம். சாவடியில் அவர் இன்னும் காத்திருக்கிறார்.