சுருக்கலும் குன்றலும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவற்றிற்கு அளவு வகுத்துக்கொண்டு அவ்வளவில் நிற்பதே அதன் இயல்பு. இன்று நம் இல்லங்களில் அளவின்றிப் பெருகிவரும் உடைமை ஒன்று உண்டு. அது கைப்பேசியிலும் கணினியிலும் நாம் சேர்த்துவைக்கும் ஆவணக் கோப்புகள். இடம் போதாமையால் அவற்றைச் சுருக்குகிறோம். பிறர்க்கு விரைவில் அனுப்புதற்பொருட்டும் சுருக்குகிறோம். கோப்பின் அளவைக் குறைப்பதில் அறத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சற்றே ஆராய்வோம்.

ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி ஒன்றுக்கு 3 பைட் எனக் கொண்டால் ஒரு பக்கத்திற்கு 26 மெகாபைட் ஆகிறது. 200 பக்க நூலோ 5 கிகாபைட்டையும் கடந்துவிடும். இத்தகைய சுமையை உள்ளவாறே அனுப்புதல் அரிது. ஆகவே சுருக்கம் வேண்டுவதே. எவ்வாறு சுருக்குகிறோம் என்பதில்தான் வினா எழுகிறது.

சுருக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, இழப்பின்றிச் சுருக்குதல். அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய அடையாளமும் அரிதாய் வருவதற்குப் பெரிய அடையாளமும் தரும் முறையை டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டார். முன்பு வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாது, முன்வந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் முறையை ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் ஆகிய இருவரும் 1977இல் வகுத்தனர். இவ்வழியில் சுருங்கிய கோப்பை விரித்தால் ஓர் எழுத்தும் குறையாமல் மூலம் மீளும். ஆயினும் இவ்வாறு சுருக்குதற்கு ஓர் எல்லை உண்டென்பதைக் கிளாட் ஷானன் 1948இலேயே நிறுவினார்.

அவ்வெல்லைக்கு அப்பாலும் சுருக்க வேண்டின் எதையேனும் விட்டொழிக்க வேண்டும். இஃது இரண்டாவது வழி. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, மனிதக் கண் எளிதில் உணராத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. 300 புள்ளியை 150 ஆக்கினால் மொத்தப் புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கே எஞ்சும். கழிந்தவை, பின்னர் எத்துணைப் பெரிதாக்கினும் மீளா.

இவ்விரண்டன் வேற்றுமையை நம் முன்னோர் நன்கறிவர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்து அழகினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். நூலுக்குரிய பத்துக் குற்றத்தினுள் குன்றக் கூறலை முதலில் வைத்தவரும் அவரே. கூறியது கூறலும் அக்குற்றங்களுள் ஒன்று. கூறியது கூறலை நீக்குவது சுருக்கம். கூறவேண்டியதை நீக்குவது குன்றல். இரண்டும் அளவில் சிறுத்தே தோன்றும். ஒன்று அழகு, மற்றொன்று குற்றம்.

ஓலைச்சுவடியில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது சென்றனர். எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தவில்லை. இலக்கணப் பயிற்சியுடையோர் இடம் நோக்கி அவற்றை நிரப்பிப் படித்தனர். ஆனால், பாடம் ஐயத்திற்கிடமானபோது பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பட்ட இடர் கொஞ்சமன்று. எழுதுவோர் மிச்சப்படுத்திய உழைப்பைப் படிப்போர் பலமடங்காகச் செலுத்த நேர்ந்தது.

பொறியின் சுருக்கமோ இதனினும் அஞ்சத்தக்கதாக அமைதல் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்னும் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேன் பொறிகளில் ஒரு பிழையைக் கண்டறிந்தார். கட்டட வரைபடமொன்றில் வெவ்வேறு பரப்புடைய மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்ற ஒரே எண் பதிவாகியிருந்தது. கோப்பைச் சிறிதாக்கும்பொருட்டு, ஒத்த வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, வேண்டுமிடமெல்லாம் அதனையே பதிக்கும் முறை அப்பொறியில் இருந்தது. ஒத்தவை போல் தோன்றிய வெவ்வேறு எண்களையும் அஃது ஒன்றெனக் கொண்டுவிட்டது. 6 இருந்த இடத்தில் 8 வந்தமர்ந்தது. நிறுவனம் பின்னர்த் திருத்த மென்பொருளை வெளியிட்டது. இதில் நாம் கருதவேண்டுவது, மாறிய எண் மங்கலாக இல்லாமல் தெளிவாக இருந்தது என்பதே. மங்கிய எழுத்து, தன்னை ஐயுறுமாறு படிப்போனை எச்சரிக்கும். தெளிந்த பொய் அவ்வாறு எச்சரிப்பதில்லை.

இங்கேதான் ஓர் அணுவிரதத்தைக் காக்கப்போய் மற்றொன்றை இழக்கும் இடர் நேர்கிறது. அளவைக் குறைக்க விழைந்த நாம் பொய்யாமையில் வழுவிவிடுகிறோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வாய்மை விரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது. பொய்ப்பத்திரம் எழுதுதல் அவற்றுள் ஒன்று. அடைக்கலப் பொருளைக் கவர்தல் மற்றொன்று. பின்னதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம் சிந்திக்கத்தக்கது. பொருளை ஒப்படைத்தவன் தொகையை மறந்து குறைத்துக் கேட்கிறான். வைத்திருப்பவன், ‘ஆம், அவ்வளவே’ என்று கொடுத்துவிடுகிறான். வாங்கிச் சென்றவனுக்குத் தன் இழப்புத் தெரியாது. சுருங்கிய கோப்பை முழுமையானதென்று கொடுப்பவர் நிலையும் இதுவன்றோ?

பொறி செய்த பிழைக்கு நாம் எவ்வாறு பொறுப்பாவோம் எனலாம். வஞ்சக எண்ணம் இல்லையென்பது உண்மையே. ஆயினும் நம் அறநூல்கள் பிரமாதம் எனப்படும் சோர்வையும் குற்றத்தின் வேராகவே கொள்கின்றன. அறியக்கூடியதை அறியாதிருத்தல் முழு விடுதலை தாராது.

எனவே, இல்லந்தோறும் கொள்ளத்தக்க ஒழுங்கு சில. பட்டா, பத்திரம், கோயிற் கணக்கு, பழஞ்சுவடிப் படம் ஆகியவற்றின் மூலக்கோப்பைச் சுருக்காது ஓரிடத்தில் காத்தல் வேண்டும். அனுப்புதற்குப் படியெடுத்து அப்படியையே சுருக்குக. சுருக்கியது என்பதைப் பெயரிலேயே குறிப்பிடுக. எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுக. வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருக்காது. படம் எடுத்தாயிற்றென்று ஓலையைப் புறக்கணித்தலோ எவ்வாற்றானும் தகாது.

இடம் வேண்டுமெனில் விட்டொழிக்கத்தக்கவை வேறு பல உள்ளன. ஒரே படம் பத்துப் படிகளாய்க் கிடக்கின்றது. எவரோ அனுப்பிய, ஒருநாளும் நாம் திறவாத கோப்புகள் குவிந்துள்ளன. அவற்றை நீக்குவதே மிகுபொருள் விரும்பாமை. நம்மிடம் பிறர் நம்பி ஒப்படைத்ததைக் குறைத்தல் விரதமாகாது. பற்றைச் சுருக்குவோம், உண்மையைக் குன்றாமற் காப்போம்.