எண்ணாமையும் இன்மையும்

தமிழிலே ‘எண்ணுதல்’ என்னும் சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். எனினும் நடைமுறை வாழ்வில் நாம் எண்ணுவனவற்றுட் பெரும்பாலானவை நமக்கு உரியவையே. வணிகன் தன் பணத்தை எண்ணுகின்றான். உழவன் தன் மாடுகளை எண்ணுகின்றான். அரசு தன் குடிகளை எண்ணுகின்றது. தனக்கு எவ்வித உரிமையுமில்லாத ஒன்றை, கூலி எதிர்பாராது, ஒருவன் எண்ணுவானாயின் அச்செயலுக்கு அறப்பெறுமதி உண்டா? யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வரும் வலசைப் பறவைகளை எண்ணும் தொண்டர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆசியாவின் வடபுலங்களிலிருந்து நீர்ப்பறவைகள் இங்கு வந்து சேர்கின்றன. பண்ணைத் தாம்போதியின் இருமருங்கிலும், மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றின் ஆழமற்ற கரைகளிலும் ஊசிவால் வாத்துகள், கோட்டான்கள், உள்ளான்கள், ஆலாக்கள் எனப் பல இனங்கள் இரைதேடும். குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இவற்றைக் காணாதிருத்தல் அரிது. பங்குனி, சித்திரையில் வெயிலேறக் களப்பு வற்றத் தொடங்கும். பறவைகளும் வடக்கு நோக்கித் திரும்பும். 2021ஆம் ஆண்டில், மன்னாரிலே செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று உருசியாவின் வடதுருவப் பகுதியிலுள்ள யமால் தீபகற்பம்வரை சென்றமை கண்டறியப்பட்டது. இத்தகைய உயிர்களை ‘எங்கள் பறவைகள்’ என்று எந்த ஊராரும் எந்த நாட்டாரும் உரிமை கொண்டாடுதல் இயலாது.

இவற்றை எண்ணும் வழக்கத்தின் வரலாறும் சிந்தனைக்குரியது. முன்னாளில் வட அமெரிக்காவில் நத்தார் காலத்தில் மக்கள் இரு அணிகளாகப் பிரிந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்துவர்; மிகுதியாகக் கொன்ற அணியே வெற்றி பெற்றதாகும். இதற்கு மாற்றாக, கொல்லாது எண்ணுவோம் எனப் பிராங்க் சப்மன் என்னும் பறவையியலாளர் அழைப்பு விடுத்தார். 1900ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் 27 பேர் அவ்வாறு எண்ணினர். 1967ஆம் ஆண்டில் அனைத்துலக நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 1987ஆம் ஆண்டில் ஆசியக் கணக்கெடுப்பும் தொடங்கின. ஆசியக் கணக்கெடுப்பு தை மாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. பங்குனியில் எண்ணுவோர் புறப்படும் பறவைகளைக் காண்கின்றனர். தையில் எண்ணுவோர் தங்கியிருப்பனவற்றைக் காண்கின்றனர். காலம் வேறாயினும் இருவர்க்கும் கடமை ஒன்றே.

அக்கடமை தோற்றத்தில் எளியது. ஆயிரக்கணக்கில் அமர்ந்திருக்கும் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிட முடியாது. முதலிற் பத்தை எண்ணி, அதன் அளவைக் கண்ணில் இருத்தி, நூறு எவ்வளவு இடத்தை நிரப்பும் எனக் கணித்து, அந்த நூற்றைக் கூட்டத்தின்மேற் பொருத்திப் பொருத்திச் செல்லவேண்டும். அதற்குள் ஒரு பருந்து தோன்றினால் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும், மீண்டும் தொடங்கவேண்டும். பெரும்பாலும் அவ்வேளையில் மேற்பார்வை செய்ய எவரும் இரார். எழுதும் எண்ணுக்கு எழுதுபவனின் மனச்சான்றே முதற் சாட்சி.

இங்கேதான் ஒரு சோதனை எழுகின்றது. 1971ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை சார்ந்த அளவுகோல்களின்படி, ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளையோ, ஓர் இனத்தின் குறித்த தொகுதியில் நூற்றுக்கு ஒரு பங்கையோ ஒழுங்காகத் தாங்குமாயின் அது அனைத்துலக முக்கியத்துவம் உடையதாகக் கருதப்படலாம். அவ்வாறாயின், தன் ஊர்க் களப்பைக் குப்பையும் கட்டடமும் விழுங்காது காக்க விரும்பும் ஒருவன், 18,000 என்பதை 20,000 என எழுதினால் என்ன குற்றம்? நன்மை பயக்கும் பொய் வாய்மையின் இடத்தைப் பெறாதோ?

பெறாது என்பதே என் துணிபு. ஓர் ஆண்டின் எண் தனித்துப் பொருள் தருவதில்லை. அது முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளோடு ஒப்பிடப்படும்போதே பேசத் தொடங்குகின்றது. இன்று கூட்டி எழுதினால் நாளைய உண்மை எண் பொய்யான வீழ்ச்சியாகத் தோன்றும். ஆண்டுதோறும் கூட்டி எழுதினாலோ மெய்யான வீழ்ச்சி மறைந்துபோகும். எப்பறவையைக் காக்க அப்பொய் சொல்லப்பட்டதோ அப்பறவைக்கே அது கேடாய் முடியும். அன்பு எண்ணத் தூண்டலாம். எண்ணைத் திருத்த அதற்கு உரிமை இல்லை.

இதனினும் நுண்ணிய கடமை ஒன்றுண்டு. ஒரு சேற்றுவெளிக்குச் சென்று, நெடுநேரம் நோக்கி, ஒரு பறவையையும் காணாதவன் பூச்சியம் என்று எழுதவேண்டும். அவ்வெளிக்குச் செல்லவே முடியாதவன் அவ்விடத்தை வெற்றிடமாக விடவேண்டும். தாளில் இரண்டும் வெறுமைபோலத் தோன்றினும் ஒன்று இன்மை, மற்றையது எண்ணாமை. எண்ணாமையை இன்மையாக எழுதுபவன் இருந்த உயிர்களை இல்லாதொழிக்கின்றான்.

மனிதரே எண்ணப்படாதிருந்த மண்ணிற் பறவைகளை எண்ணுவது ஆடம்பரமன்றோ என ஒருவர் வினவலாம். இவ்வினாவை எளிதில் ஒதுக்குதல் தகாது. 1981ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. இடைப்பட்ட 31 ஆண்டுகளிற் பிறந்தோரும் இறந்தோரும் பலர். 1990களின் தொடக்கத்திலே தீவக மக்களிற் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தனர். திரும்பி வாராதோரின் வீடுகள் இன்றும் கூரையின்றி நிற்கக் காண்கின்றோம். அக்காலத்தைக் குறித்த அட்டவணைகளில் வெற்றிடங்கள் உள்ளன. அவ்வெற்றிடங்களைப் பூச்சியமாக வாசித்தல் எத்துணைக் கொடிது என்பதை இம்மண்ணிற் பிறந்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

ஆதலின் பறவைகளை எண்ணுதல் மனிதரை மறத்தலாகாது. எண்ணப்படாமையின் துன்பத்தை அறிந்த சமூகம், தன்னைக் கணக்கில் வைக்குமாறு கேட்கும் வாயற்ற உயிரை நேர்மையாக எண்ணுமாயின், தனக்கு மறுக்கப்பட்ட ஒரு நீதியை அது பிறிதோர் உயிருக்கு வழங்குகின்றது. அதே நேர்மையைத் தனக்கும் கேட்கும் தகுதியை அதனாற் பெறுகின்றது. உரிமையில்லாததை எண்ணுவதன் அறப்பெறுமதி இதுவே என்பேன்.

வரும் பருவத்திற் பண்ணைக் கரையிலோ நெடுந்தீவிலோ குறிப்பேட்டுடன் நிற்கப்போகும் மாணவர் இதனை மனங்கொள்ளல் நன்று. கண்டதைக் கண்டவாறு எழுதுக. காணாதவிடத்துப் பூச்சியம் எழுத நாணற்க. செல்ல இயலாத கரையை வெற்றிடமாக விட்டு, இயலாமைக்குரிய காரணத்தையும் அருகே குறித்து வைக்குக. பின்வருவோன் ஒருவன் அக்கரைக்குச் செல்லக்கூடும்.