அறியாமையும் பொறுப்பும்

பொறியியல் பயிலச் செல்லும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வேலை கிடைக்குமா?" கட்டுமானப் பொறியியலும் சுற்றுச்சூழல் பொறியியலும் கற்போர்க்கு அதனினும் கடினமான வேறொரு கேள்வி காத்திருக்கிறது: அறியாமல் நேர்ந்த பிழைக்கு மனிதன் பொறுப்பாளியா?

கனடா நாட்டில் பொறியியல் பட்டம் பெறுவோர், உறுதிமொழி ஏற்றுத் தாம் எழுதும் கையின் சிறுவிரலில் எளியதொரு மோதிரம் அணிகின்றனர். 1925-இல் தொடங்கிய வழக்கம் இது. இடிந்து விழுந்த கியூபெக் பாலத்தின் இரும்பினால் முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்பர். அது கதையே. ஆயினும் அக்கதை நிலைத்ததற்குக் காரணம் உண்டு.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே எழுந்த அப்பாலத்தின் நடுக்கண் நீளம் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக உயர்த்தப்பட்டது. பாலத்தின் தன்எடையோ உடனே புதிதாகக் கணக்கிடப்படவில்லை. பிழை தெரியவந்தபோது வேலை வெகுதூரம் நடந்திருந்தது. ஆலோசகரான தியோடர் கூப்பர், கூடுதல் சுமையைப் பாலம் தாங்கும் என ஏற்றுக்கொண்டார். பின்னர் இரும்புச் சட்டங்கள் வளையத் தொடங்கின. மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று நியூயார்க்கிலிருந்து அவர் அனுப்பிய தந்தி, இரும்பு வார்த்த நிறுவனத்துக்குச் சென்றதேயன்றிப் பணிக்களத்துக்குச் செல்லவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை பாலம் சரிந்தது. 75 தொழிலாளர் மாண்டனர்.

அறநெறி இயலார் அறியாமையை இருவகையாகப் பிரிப்பர்: எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாதது ஒன்று, முயன்றிருந்தால் நீங்கியிருக்கக்கூடியது மற்றொன்று. அத்துணைப் பெரிய இரும்புத் தூண்கள் எவ்வாறு வளையும் என்பதை அக்காலப் பொறியியல் முழுமையாக அறிந்திருக்கவில்லை. அது முதல் வகை. நீளம் மாறியபின் எடையைத் திரும்பக் கணக்கிடாமல் விட்டதோ இரண்டாம் வகை. முன்னதற்காக எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. பின்னதற்கு விடை கூறியே தீரவேண்டும்.

பாலம் நொடிகளில் விழுகிறது. தண்ணீரின் கேடோ ஓசையின்றி வருகிறது. அதே நாட்டில், ஒண்டாரியோ மாநிலத்தின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், 2000 மே மாதப் பெருமழை மாட்டுச் சாணத்தின் கிருமிகளை ஊர்க் கிணற்றில் சேர்த்தது. எழுவர் இறந்தனர், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குளோரின் அளவை நாள்தோறும் சோதித்து எழுதவேண்டிய ஏட்டில், சோதிக்காமலே எண்கள் எழுதப்பட்டு வந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. இங்கே அறியாமை தானே நேர்ந்ததன்று, வருவித்துக்கொண்டது.

ஏட்டில் எழுதப்படும் எண், முகம் அறியாத ஒருவருக்கு நாம் அளிக்கும் சாட்சியம். அப்பாலத்தில் நடப்பவரும் அந்நீரைப் பருகுபவரும் அக்கணக்கைச் சரிபார்க்க வல்லவரல்லர், நம்புகிறார்கள், அவ்வளவே. எனவே, பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒரே கணக்கை மீண்டும் மீண்டும் செய்வதும், ஆற்றுநீரின் தூய்மையை அறிய ஐந்து நாள் காத்திருந்து அளப்பதும் வெறும் தேர்வுக்கான பயிற்சி அல்ல. நீக்கக்கூடிய அறியாமையை நீக்கும் கடமை அங்கேயே தொடங்குகிறது.

விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்போம், தவறில்லை. "திரும்பச் சரிபார்த்தாயா?" என்றும் கேட்போமாக.