யாருடைய சுதந்திரம்?

உடல் பிடித்துவிடும் தொழிலைப் பயின்று முதன்முதலாக ஒரு நிலையத்திற்குள் நுழையும் இளைஞனிடம், "நீ ஊழியன் அல்லன், சுதந்திர ஒப்பந்தகாரன்" என்கிறார்கள். கட்டணத்தையும் நேரத்தையும் நிலையமே விதிக்கிறது. வாடிக்கையாளர் வராத நாளில் வருமானம் இல்லை; விரல் மூட்டு வீங்கினால் விடுமுறைச் சம்பளம் இல்லை. எஞ்சுவது 'சுதந்திரம்' என்னும் சொல் மட்டுமே.

இரத்தினபுரித் தோட்டங்களை அறிந்த நமக்கு இச்சொல் புதியதன்று. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக உயர்த்தியபின், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்தளித்து, கொழுந்தின் நிறைக்குப் பணம் தரும் முறையைச் சில கம்பனிகள் முன்வைத்தன. நிலம் கம்பனியுடையது, விலையும் அதனுடையதே. நட்டம் மட்டும் தொழிலாளியுடையது!

ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் முதலாளி செலுத்தவேண்டும் என்பது சட்டம். 'ஊழியன்' என்னும் பெயரை நீக்குவதன் இலாபம் இங்கேதான் இருக்கிறது.

கங்காணியின் கண்ணுக்கு அஞ்சாமல் உழைக்க விரும்புவது நியாயமான ஆசையே. அதே இரத்தினபுரியில் சொந்தக் காணியுள்ள சிறுதோட்டக்காரர், தம் கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது எனத் தாமே தீர்மானிக்கலாம். அவரது சுதந்திரத்துக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலமேனும் உண்டு.

ஆகவே, பெயரை விடுத்து நாம் கேட்கவேண்டியவை இரண்டு: விலையை விதிப்பவர் யார்? "முடியாது" என்று சொன்னபின்னும் வீட்டில் அடுப்பு எரியுமா? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில், மலையிலாயினும் நகரிலாயினும், தனித்தனி ஒப்பந்தம் சுதந்திரம் ஆகாது. ஒன்றுபட்டுக் கேட்கும் உரிமையே அதன் தொடக்கம்.